மழைக்கொப்பி

பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் ஒன்றில் தற்காலிக உதவியாளராகக் கிளிநொச்சிக்கு வந்தபோது என் கையில் 11 பக்க வினாக்கொத்து இருந்தது. "காலநிலை மாற்றத்தை நீங்கள் உணர்கிறீர்களா?" என்று அதில் ஒரு கேள்வி. முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்யும் ஒரு ஐயாவிடம் அதை வாசித்தேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "போன வருசமும் ஒரு பிள்ளை வந்து இதைத்தான் கேட்டது. அந்தப் பிள்ளை பாஸ் பண்ணிட்டுதோ தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வின் முடிவும் அவர் வீட்டுப் படலை வரை வந்து சேரவில்லை, வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

சரி, வினாக்கொத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் ஒரு மழைமானி நட்டோம். பக்கத்தில் ஒரு தானியங்கிக் கருவியும். மில்லிமீற்றர் அவருக்கு உறைக்கவில்லை, அவர் கணக்கெல்லாம் அங்குலத்தில். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 4 இலட்சம் லீற்றர் விழுகிறது என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வாய்க்கால் வெட்டினவன் இதை யோசிச்சிருக்கோணும்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டு வந்தார். முதல் மழை, விதைப்பு, நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்த கிழமை, குளம் நிரம்பி வான் பாய்ந்த நாள், எல்லாம் தேதியோடு. ஆனால் கொப்பி மீள்குடியேறிய 2010 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை, தகப்பன் எழுதியவை உட்பட, 2009 இல் யுத்தத்துக்குள் ஓடிய வழியில் எங்கேயோ போய்விட்டன.

உலக வானிலை அமைப்பின் கணக்கில், ஓர் இடத்தின் சராசரிக் காலநிலையைச் சொல்ல 30 ஆண்டுப் பதிவு வேண்டும். கிளிநொச்சி இருக்கும் இந்த வன்னிப் பகுதியில் எந்த 30 ஆண்டை எடுப்பது? நடுவில் யுத்தம் கிடக்கிறது. இப்போது தொடங்கினாலும், ஒரு மாணவர் ஆறு மாதம் நிற்பார், ஒரு திட்டம் மூன்று வருடம் ஓடும், பணம் முடிய கருவி பாழாகும். அதிகாரிகளும் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். அத்தனை காலம் ஒரே இடத்தில் இருந்து எண்ணிக்கொண்டிருக்கக்கூடியது பல்கலைக்கழகம்தான் என்பது என் எண்ணம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன, 2021 இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆள் இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது. ஆனால் ஒரு கிராமத்தில் 30 வருடம் மழை அளந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்குமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

2018 டிசம்பர் 21, 22 இல் கொட்டிய மழையை இங்கு யாரும் மறக்கவில்லை. இரணைமடு 36 அடி நீர் பிடிக்கும் குளம், அது நிரம்பிக் கதவுகளைத் திறந்ததும் கீழே கண்டாவளை, பன்னங்கண்டி, முரசுமோட்டை எல்லாம் வெள்ளத்துக்குள். குளத்தின் கதவு ஒரு பொறியியல் விஷயம், கீழே பூக்கிற பருவத்தில் நிற்கும் நெல் ஒரு விவசாய விஷயம் என்று இரண்டு மேசையில் பிரித்து வைக்க அன்றைக்கு முடியவில்லை. நானோ நத்தாருக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தானியங்கிக் கருவியில் அந்த இரண்டு நாளும் வெறுமை. பற்றரி செத்துக் கிடந்தது, மாற்ற வேண்டிய ஆள் நான்தான். ஐயாவோ இரவிரவாக டோர்ச் அடித்துச் சாதாரண மழைமானியை அளந்து ஊற்றி, அளந்து ஊற்றி, கொப்பியில் குறித்து, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரை வளையில் செருகியிருக்கிறார். எங்கள் அறிக்கையில் அந்த இரண்டு நாளுக்குரிய எண்கள் அவர் கையெழுத்திலிருந்து வந்தவை.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, அந்த வருடப் பதிவைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, அடுத்த காலபோக (மாரிமழைப் பருவ) பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குக் கமக்காரர் அமைப்பிடம் கொடுத்தது. மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்ற வழமையான சண்டை அன்றும் நடந்தது. ஆனால் இந்த முறை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். யார் வென்றார்கள் என்பது நினைவில் இல்லை.

திட்டம் முடிந்து நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அண்மையில் ஒரு மாணவி வினாக்கொத்தோடு வந்தாளாம். "முதல்ல கொப்பியைப் பார் பிள்ளை, பேந்து கேள்" என்று சொல்லி அனுப்பியதாக ஐயா தொலைபேசியில் சொன்னார். அப்புறம், மழைமானியின் புனல் வெடித்துவிட்டதாம், புதிசு ஒன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.