யாரும் பார்க்காத திரையில் ஒரு கேள்வி

40 சர்வர்களில் ஒரு மென்பொருளைப் போட வேண்டியிருந்தது. எல்லாம் தொலைவில் இருக்கும் விண்டோஸ் சர்வர்கள், எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஸ்கிரிப்ட் தயார். சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்தாயிற்று, இரண்டே நிமிடத்தில் முடிந்தது. இரவு 10 மணிக்கு எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். 37 முடிந்தன. மூன்று மட்டும் ‘ஓடுகிறது’ என்றே காட்டின. அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரமும் ஆனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பிழை என்று ஒன்று வந்துவிட்டால் பிடித்து இழுக்க ஒரு நுனியாவது கிடைக்கும். இப்படிச் சும்மா நிற்பதுதான் கொடுமை. நிறுத்தவும் பயமாக இருக்கும். பாதியில் நிறுத்தினால் எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகுமோ தெரியாது.

மூன்றில் ஒரு சர்வரின் டாஸ்க்லிஸ்டை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலை, எடுத்தேன். இன்ஸ்டாலர் உயிரோடுதான் இருந்தது. அது எடுத்துக்கொண்ட சிபியு நேரம் 4 வினாடி. ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், அதே 4 வினாடி. வேலை நடந்தால் அந்த எண் ஏறியிருக்கும். ஆக, எதற்காகவோ காத்திருக்கிறது. அதே வரியில் செஷன் 0 என்று போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே சர்வீஸ்கள், அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும் புரோகிராம்கள், எல்லாம் செஷன் 0 என்ற அமர்வில் தனியாக ஓடுகின்றன. நாம் லாகின் செய்தால் கிடைப்பது வேறு செஷன். சர்வர்களை நிர்வகிக்க அவற்றில் இருந்து, என் ஸ்கிரிப்டை வாங்கி ஓட்டும் ஏஜென்ட்டும் ஒரு சர்வீஸ்தான் என்பதால், அது கிளப்பிவிடும் இன்ஸ்டாலரும் அங்கேதான் ஓடும். அங்கே ஒரு பெட்டி திறந்து ‘ஓகேவா?’ என்று கேட்டால், பார்க்கவும் ஆளில்லை, அழுத்தவும் ஆளில்லை.

சரி, என்னதான் கேட்கிறது? மற்ற 37-இல் இல்லாதது இந்த மூன்றில் என்ன என்று தேடினேன். எப்போதோ யாரோ போட்ட பழைய பதிப்பு மூன்றிலும் இருந்தது. அதையே சோதனை சர்வரில் போட்டுவிட்டு, லாகின் செய்து, அதே சைலன்ட் ஸ்விட்சோடு (எதையும் கேட்காமல் போடு என்று சொல்லும் குறிப்பு) இன்ஸ்டாலரை ஓட்டினேன். திரை நடுவில் சின்னதாக ஒரு பெட்டி: முந்தைய பதிப்பு உள்ளது, நீக்கவா? ஆம், இல்லை. சைலன்ட் என்று சொன்ன பிறகும் கேள்வி கேட்கும் இன்ஸ்டாலரை எழுதியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. நல்லவேளை, எதையும் தொடுவதற்கு முன்பே அது கேட்டுவிடுகிறது. அதனால் தைரியமாக நிறுத்த முடிந்தது.

பழையது ஒரு எம்எஸ்ஐ, அதாவது விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் கையாளும் வகை. முதலில் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு அப்புறம் புதியதைப் போடும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். பழைய பதிப்பே இல்லாத சர்வரில் அந்த நீக்கும் கட்டளை 1605 என்ற முடிவு எண்ணோடு திரும்பும். அது தோல்வி இல்லை, ‘நீக்க ஒன்றும் இல்லை’ என்ற பதில். இந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஆரம்பத்தில் 0 வந்தால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். 3010 என்றால் வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 என்றால் வேறொரு இன்ஸ்டலேஷன் ஓடுகிறது, பொறுத்து மறுபடி முயல வேண்டும். ஆளைச் சுற்றவிடுவது 1603தான். கடுமையான பிழை என்பதற்கு மேல் அது வாய் திறக்காது. அப்போது இன்ஸ்டாலர் எழுதிவைக்கும் விரிவான லாகை (பதிவுக் கோப்பை) திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடி, அதற்கு மேலே உள்ள வரிகளைப் படிப்பேன். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

ஒருமுறை அப்படித் தேடியபோது, நெட்வொர்க் பகிர்வில் இருந்த லைசென்ஸ் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று கிடைத்தது. நான் கையால் போட்டால் மட்டும் ஒழுங்காக ஏறியது. என் கணக்குக்கு அந்தப் பகிர்வு திறக்கும். ஏஜென்ட் ஓடுவதோ லோக்கல் சிஸ்டம் என்ற விண்டோஸின் உள்கணக்கில். நெட்வொர்க்கில் அது அந்த சர்வரின் சொந்தக் கணக்காகத்தான் போய் நிற்கும். அதற்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. ‘நான் போட்டால் வருகிறதே’ என்ற பேச்சை அன்றோடு விட்டேன்.

அந்த மூன்று சர்வர்களும் நள்ளிரவுக்குப் பிறகு முடிந்தன. இரண்டு 0 என்று திரும்பின. ஒன்று 3010. அதிகாலை 4 மணி பராமரிப்பு நேரத்தில் அதற்கு ஒரு ரீஸ்டார்ட் போட்டுவிட்டு, மூன்றின் லாகையும் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.