நித்திரையில் 12 மைக்ரோ அம்பியர்

மின்னோட்டம் அளக்கும் மல்டிமீற்றர் 12 மைக்ரோ அம்பியரில் நின்றது. "மாமா, இப்ப இது நித்திரை. நிலம் அசைஞ்சா முழிக்கும்" என்றான் மருமகன்.

மட்டக்களப்பு, கல்லடி வீட்டு விறாந்தையில் சின்னச் சர்க்யூட், பக்கத்தில் நில அதிர்வை உணரும் ஜியோபோன். உள்ளே காந்தமும் ஸ்பிரிங்கில் தொங்கும் செப்புக் கம்பிச்சுருளும்தான். அசைந்தால் தானே மின்னழுத்தம் தரும், பற்றரி கேட்காது.

பசியெல்லாம் தரவை அனுப்பும் ரேடியோவுக்கு. அனுப்பும் நொடியில் மீற்றர் 100 மில்லி அம்பியரைத் தாண்டியது. அதனால் தரவைச் சுருக்கி, ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு உறங்கவேண்டும்.

2004 டிசம்பர் 26, அன்றைய இலங்கை நேரம் காலை 6.58. சுமாத்திராவில் நிலம் ஆடியது. கடல் இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பக்கத்துக் கடலோர ஊரான நாவலடிக்கு எச்சரிக்கையாய் ஒரு சொல் வரவில்லை.

விரல் நுனியால் மேசையைத் தட்டினேன். திரையில் கோடு துள்ளியது.

"மார்கழி மழையில வெயில் இராது மாமா. சோலர் இல்லாம பத்து நாள் தாங்கோணும்" என்றபடி மறுபடி ஈயத்தை உருக்கினான்.