கேட்கவே வேண்டாத கேள்வி

2025 மார்ச் 4, செவ்வாய். கல்லடி, மட்டக்களப்பு

இன்றும் அதே கேள்வி. எங்கள் பில் அச்சிடும் நிரல் பொதிக்குப் புதிய பதிப்பு போடக் கட்டளை கொடுத்தால், வெளியீட்டுக் கருவி முதலில் பணிவாகக் கேட்கிறது: "என்பிஎம்மில் பதிப்பிக்கவா?" என்பிஎம் என்பது நிரல் பொதிகளுக்கான பொதுக் களஞ்சியம். பொதியின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் 'பிரைவேட்: ட்ரூ', அதாவது வெளியே பதிப்பிக்காதே, என்று எழுதி இரண்டு வருடமாகிறது. பதிப்பு எண்ணை எடுக்க அதே கோப்பைத்தான் கருவி திறக்கிறது. மூன்று வரி கீழே இருப்பதை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறது. 'இல்லை' அழுத்திவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

ஆரையம்பதித் தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான், மேசையருகே வந்து நின்றான். "அக்கா, நான் 'ஆம்' அழுத்திவிட்டேன்."

ஒன்றும் வெளியே போகவில்லை. 'ஈபிரைவேட்' என்ற பிழையைக் காட்டி என்பிஎம்மே மறித்துவிட்டது. தவறிப் பதிப்பிப்பதைத் தடுக்கத்தானே அந்த வரி இருக்கிறது. ஆனால் வேலை பாதியில் நின்றது: கோப்பில் எண் 2.4.0 ஆக ஏறியிருந்தது, மாற்றத்தைப் பதிவுசெய்யும் கமிட்டும் இல்லை, பதிப்பைக் குறிக்கும் டேக்கும் இல்லை. கோப்பைத் திருப்பி எடுத்து 2.4.0ஐ மறுபடி வெளியிட இரண்டு நிமிடம், தம்பியைத் தேற்ற அரை மணித்தியாலம்.

அவனைக் குறைசொல்ல முடியவில்லை. பதிப்பிக்கவா, கமிட்டா, டேக்கா, அவற்றைச் சேவையகத்துக்கு அனுப்பும் புஷ்ஷா என்று நான்கு கேள்வி. மூன்றுக்கு 'ஆம்', ஒன்றுக்கு மட்டும் எப்போதும் 'இல்லை'. விடை மாறவே மாறாத கேள்வியை யார் வாசிப்பார்கள்? அந்த வரியை எழுத மறந்த பொதியாக இருந்திருந்தால் வாடிக்கையாளரின் நிரல் உலகத்துக்கே போயிருக்கும். வேறு பொதிகள் அதைச் சார்ந்திராவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் நீக்கலாம், உண்மைதான். அதற்குள் பிரதி எடுத்தவர்களிடமிருந்து எப்படி நீக்குவது?

மார்ச் 7, வெள்ளி

கோபத்தில் கருவியின் அமைப்புக் கோப்பில் என்பிஎம் பகுதியையே அணைத்தேன். கேள்வி ஒழிந்தது. மாலையில்தான் கண்டேன்: டேக் 2.4.1, கோப்பில் இன்னும் 2.4.0. கோப்பில் எண்ணை ஏற்றுவதும் அந்தப் பகுதிதானாம். நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்தியதில் வாவிக் காற்றும் நின்றுபோன கதை. பகுதியைத் திரும்பத் திறந்து, உள்ளே 'பப்ளிஷ்: ஃபால்ஸ்' (பதிப்பிக்காதே) மட்டும் போட்டேன். எண் ஏறுகிறது, கேள்வி இல்லை.

மார்ச் 13, வியாழன். போயா

விடுமுறை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. கருவியின் மூல நிரலைத் திறந்தேன். 'பிரைவேட்' வரியை அது வாசிக்கத்தான் செய்கிறது, கேள்வி கேட்டு, பதிப்பிக்கவும் முயன்ற பிறகு! செமான்டிக்-ரிலீஸ் என்ற வேறொரு வெளியீட்டுக் கருவி அந்த வரியைக் கண்டால் பதிப்பிக்காமல் தானே விட்டுவிடும், லெர்னா என்ற கருவியும் அப்படியே. நிபந்தனையைக் கேள்விக்கு முன்னால் நகர்த்தி, திருத்தத்தை அனுப்பிவைத்தேன். இரவு பாலத்தடியில் யாரோ, வாவி மீன்கள் பாடும் என்ற பேச்சை நம்பி, துடுப்பில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

2.4.2ஐ நானே வெளியிட்டேன். முதல் கேள்வி வந்ததும் விரல் தானாக 'இல்லை' அழுத்தியது. அது கமிட் கேள்வி. பக்கத்தில் நின்ற தம்பி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.