குடை மடக்கும் இடம்

பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் நுழைவாயிலுக்குப் புதிய விதானம் வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், சுவரைவிட்டு 3 மீட்டர் வெளியே நீளும் கண்ணாடிக் கூரையைத்தான் முதலில் வரைந்தேன். வரைபடத்தில் அது எடுப்பாகவே இருந்தது. ஆனால் ஒரு மழை நாளில் அந்த வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தபோது, மாணவர்கள் வந்த வேகத்தில் உள்ளே போய்விடுவதில்லை என்பதைக் கண்டேன். குடையை மடக்கி உதறவும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பைக்குள் அடையாள அட்டையைத் துழாவவும், பின்னால் வரும் தோழிக்காகக் காத்திருக்கவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

சாரல் 45 பாகைச் சாய்வில் அடித்தால், கூரையின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் துளி, 1.5 மீட்டர் உயரத்துக்கு இறங்குவதற்குள் 2.5 மீட்டர் உள்ளே வந்துவிடும். நிற்பவரின் முகம் நனையாமலிருக்க எஞ்சுவது அரை மீட்டர்தான். கூரையை 3 மீட்டருக்குத் தாழ்த்தினால் அதே நீட்டத்தில் ஒன்றரை மீட்டர் கிடைக்கிறது. உயரத்தை விடாமல் நீட்டத்தைக் கூட்டலாமே என்றால், தூணில்லாத கூரையின் நீளம் இரட்டிப்பானால், பரவலான சுமையால் சுவரோடு இணையும் இடத்தில் வரும் வளைவு விசை நான்கு மடங்காகிறது. பழைய சுவரில் அதைத் தாங்க வைப்பது எளிதன்று. ஆகவே தாழ்த்தினேன்; கம்பீரம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

காற்று இத்தகைய கூரையைக் கீழிருந்து மேலே தூக்கவும் செய்யும். மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பிகள் அப்போது அமுக்கப்பட்டு வளைந்துவிடும் என்பதால், அவற்றுக்குப் பதில் எஃகுக் குழாய்களைக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி, உடைந்தாலும் துண்டுகள் உதிராதபடி நடுவே படலம் வைத்து ஒட்டிய வகை.

மழைநீரைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். 6 மீட்டர் அகலமுள்ள இந்தக் கூரையின் பரப்பு 18 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது முன்விளிம்பில் திரைபோல் கொட்டாதபடி, கூரையைச் சுவர்ப்பக்கம் சரித்து, ஓரக் கால்வாய் வழியாகக் கதவுக்குத் தள்ளியிருக்கும் குழாயில் இறக்குகிறேன்.

சக்கர நாற்காலிச் சரிவுப்பாதையின் மேல்முனை இன்னும் கூரைக்கு வெளியே நிற்கிறது. கதவு திறக்க அதிக நேரம் காத்திருப்பவர் அங்கேதான் காத்திருக்கிறார். அகலத்தை அந்தப் பக்கம் நீட்டி மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறேன்.