சுரை கசந்ததிலிருந்து: மாடியில் விதை எடுத்த நாலு வருடக் குறிப்பு

2023 ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். நத்தத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். மாதக் கடைசி ஞாயிறு மதுரையில் ஒரு பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் கூடி விதை மாற்றிக்கொள்வோம். அங்கே வந்து பழக்கமானவர்.

"தம்பி, நீங்க குடுத்த சுரை காய்ச்சிருச்சு. நல்லா தெரட்சியாத்தான் இருக்கு. ஆனா வெட்டி நாக்குல வச்சா வேப்பங்காயாட்டம் கசக்குது."

"சமைச்சிட்டீங்களாக்கா?"

"சமைப்பேனா? சொரக்கா, வெள்ளரிக்கா எதுனாலும் ஒரு துண்டு கிள்ளி வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் அடுப்புல ஏத்தணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கு."

அவர் அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சுரையில் கசப்பு என்றால் அது குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு. கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து ரத்த வாந்தி வரை கொண்டுபோய் விடும். கசந்த சுரைச் சாறு குடித்து உயிர் போனவர்களும் உண்டு. அந்த விதையை நான் 11 பேருக்குக் கொடுத்திருந்தேன், "எங்க அத்தை வீட்டு குடுவைச் சுரை, அசல் நாட்டு விதை" என்று பெருமையாக எழுதி.

அன்று ராத்திரியே மற்ற பத்துப் பேருக்கும் போன் போட்டேன். இருவர் விதையைப் போடவே இல்லை. ஆறு பேருக்கு நல்ல காய். இன்னும் இரண்டு பேர் வீட்டில் கசப்பு. ஒருவர் "அதான் பறிச்சு குப்பையில போட்டோம், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தார். சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம். அதே பையிலிருந்து நான் போட்ட இரண்டு கொடியிலும் காய் தேனாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு காலி மனை. அதன் வேலிக்கருவேலத்தில் பேய்ச்சுரை ஏறிக் கிடக்கும். 2022 ஆடியில் நான் முதல்முறை சுரை போட்டபோது அதுவும் பூத்திருந்தது. சுரைப் பூ சாயங்காலம் விரியும், அந்துப்பூச்சிகள் தேடி வரும். பேய்ச்சுரைக்குப் போன பூச்சி என் மாடிக்கும் வந்திருக்கிறது.

இதில் ஏமாற்று வேலை எங்கே என்றால், அந்த வருடக் காய் கசக்காது. சதை தாய்க்கொடியினுடையது. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் சதையின் ருசி மாறுவதில்லை. உள்ளே இருக்கிற விதைதான் பிள்ளை. அதைப் போட்டு அடுத்த தலைமுறை காய்க்கும்போதுதான் அப்பன் யாரென்று தெரியும். ஒரே காய்க்குள் இருக்கும் விதைகளுக்கு ஒரே அப்பன் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் எனக்கு இனிப்பும் அக்காவுக்குக் கசப்பும்.

மிச்சமிருந்த விதையை எல்லாம் அடுப்பில் போட்டேன். பிறகு உசிலம்பட்டிப் பக்கம் அத்தை ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை வீட்டில் விறகடுப்பு இன்னும் உண்டு. அடுப்புக்கு மேலே உத்தரத்தில், கயிற்றில் ஒரு முழுச் சுரைக்குடுவை தொங்கும். எப்போதிலிருந்து தொங்குகிறது என்று கேட்டேன். "ஒன் மாமா இருந்தப்ப கட்டுனது" என்றார். மாமா இறந்து நாலு வருடம். இறக்கி ஆட்டினால் கலகலவென்று சத்தம். ஆக்ஸா பிளேடு வைத்து கழுத்துப் பக்கம் அறுத்தேன். தேங்காய் ஓட்டை அறுத்த மாதிரி காப்பிப்பொடி நிறத்தில் தூள் கொட்டியது, புகை வாடை மூக்கில் ஏறித் தும்மல். உள்ளே நார் எல்லாம் பஞ்சாகக் காய்ந்து விதைகளோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு வண்டு இல்லை, ஒரு பூசணம் இல்லை. மதுரை வந்து பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். எட்டாம் நாள் எண்ணினால் ஏழு முளைத்திருந்தது. என் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரே வருடத்தில் செத்த விதைகளை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

2024 ஆடியில் அதில் நாலு விதை போட்டு இரண்டு கொடியைப் பந்தலில் ஏற்றினேன். இந்தத் தடவை விதைக்கான காய்க்குக் கையால்தான் மகரந்தம் சேர்ப்பது என்று முடிவு. அதிலும் முதலில் சறுக்கினேன். பூசணிக்கு எப்படிச் செய்வது என்று படித்துவிட்டு, காலை ஏழு மணிக்குத் தூரிகையோடு மாடி ஏறினேன். பூசணிப் பூ விடியலில் விரியும், அதற்கு அது சரி. முந்தின நாள் சாயங்காலமே விரிந்த சுரைப் பூ அந்நேரத்துக்குத் துவண்டு தொங்கியது. ஆறு பூவில் ஆறும் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேலே போக வேண்டும். அன்று விரியப் போகிற மொட்டு முனையில் வெள்ளை எட்டிப் பார்க்கும், நாளைய மொட்டு பச்சையாகவே இருக்கும். பெண் மொட்டுக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்குக் குட்டிச் சுரை, முழுக்க ரோமத்தோடு. ஆண் மொட்டு நீளக் காம்பில் தனியாக நிற்கும். இரண்டு வகையிலும் வெள்ளை முனையை நூலால் கட்டிவிட வேண்டும், பூச்சி நுழையக் கூடாது. ஆறரை, ஏழு மணிக்கு டார்ச்சோடு திரும்பப் போய், முதல் கொடியின் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, அடுத்த கொடியின் பெண் பூவைப் பிரித்து நடுவில் தடவ வேண்டும். பொடி ஒட்டியது விரலுக்கே தெரியும். பிறகு பெண் பூவை மறுபடி கட்டிவிட்டு, காம்பில் சிவப்பு உல்லன் நூல். விதைக்காய் இது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே.

அடுத்து கட்டிய ஐந்தில் மூன்று நின்றது.

நின்ற பிறகு வேறு பிரச்சினை. முற்ற விட்ட காய் கொடியில் இருந்தால் கொடி புதுக்காய் பிடிக்கச் சோம்பல்படும். "சமைக்க ஒண்ணு இல்ல, காட்சிக்கு மூணு தொங்குது" என்று வீட்டில் இரண்டு மாதம் பேச்சு வாங்கிக்கொண்டே இருந்தேன். நகம் இறங்காத அளவு தோல் கெட்டியாகி, காம்பும் காய்ந்த பிறகு, தையில்தான் பறித்தேன்.

அப்போதும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு காயிலிருந்தும் இரண்டு விதை எடுத்து 2025 தைப்பட்டத்தில் ஆறு குழி போட்டேன். மாடியில் இடம் போதாது, எதிர் வீட்டு மாடியையும் கடன் வாங்கினேன். சித்திரையில் ஒவ்வொரு கொடியின் முதல் காயையும் வெட்டி, பச்சையாக நாக்கில் வைத்து, துப்பி, நோட்டில் எழுதினேன். ஆறும் நல்ல காய். ஆறு கொடியை வைத்து எல்லாமே சுத்தம் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் மனசிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

எந்தப் பூ எப்போது விரியும் என்பதுதான் கொடிக்காய்களில் பாதிப் பாடம். பீர்க்கு சாயங்காலம், அதன் பங்காளியான மெழுகுப் பீர்க்கு விடியலில். புடலை ராத்திரிப் பூ. பாகல் விடியல். இந்த வேலையெல்லாம் மாட்டேன் என்கிறவர்களுக்கு நான் அவரையைத்தான் கொடுக்கிறேன். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும், நெற்று காய்ந்தால் உரித்து எடுக்க வேண்டியதுதான். அவரை, தம்பட்டை அவரை, சிறகவரை, மூக்குத்தி அவரை நாலும் ஒரே பந்தலில் இருக்கலாம். பெயரில்தான் சொந்தம், கலக்காது. மூக்குத்தி அவரை பயறு வகையே இல்லை, தாளிக்கீரை குடும்பம். ஒரு எச்சரிக்கை: சிறகவரையை மாசியில் கேட்டு வாங்கிப் போய்விட்டு, கோடை முழுக்க "இலைதான் வருது, பூவைக் காணோம்" என்று என்னைத் திட்டாதீர்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை.

அவரையில் தொல்லை வேறு இடத்தில். பாட்டிலில் போட்டு வைத்து நாலு மாதம் கழித்துத் திறந்தால் வண்டு பறக்கும். ஒரே நாள் பறித்த நெற்றின் விதையை மூன்று பங்காக்கி ஒரு சோதனை வைத்தேன். ஒரு பங்கு சும்மா, ஒரு பங்கு வசம்புப் பொடி கலந்து, ஒரு பங்கு செம்மண்ணைக் குழைத்துப் பூசி வெயிலில் காயவைத்து. ஆறு மாதம் கழித்து, சும்மா வைத்ததில் பத்துக்கு மூன்று முளைத்தது. வசம்பில் ஏழு. செம்மண்ணில் ஒன்பது. இப்போது அவசரத்துக்கு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கிறேன், அதுவும் நன்றாகக் காய்ந்த விதையை மட்டும். கடித்தால் பல் பதியக் கூடாது. ஈரத்தோடு ஃப்ரீசரில் வைத்தால் வண்டோடு சேர்ந்து விதையும் சாகும். பாட்டிலுக்குள் வறுத்த அரிசி ஒரு சின்னத் துணி முடிச்சில். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

காய வைக்கும் பாடத்தையும் அடி வாங்கித்தான் படித்தேன். கார்த்திகை மழையில் எடுத்த தக்காளி விதையை அவசரப்பட்டுக் கவரில் ஒட்டி கோவைக்கு அனுப்பினேன். பிரித்தவர் படம் எடுத்து அனுப்பினார், பச்சைப் பூசணம். தக்காளியில் விதையைச் சுற்றிய வழவழப்பு போக, சாறோடு ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்க விட்டுக் கழுவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கழுவின பிறகு காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது பீங்கான் தட்டுதான்.

கத்தரி பற்றிச் சுருக்கமாக. வேலூர் முள் கத்தரி ஒருவர் கொடுத்தார், 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். இலையில், தண்டில், காய்க் காம்பில் எல்லாம் முள். பக்கத்தில் வேறு கத்தரி இருந்ததால் மொட்டுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டி, காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டேன். காய் பிடித்ததும் பையைக் கழற்றி அடையாள நூல். காய் மஞ்சளாகப் பழுத்து தொங்குகிற வரை விட வேண்டும், சமையல் பதத்துக் காயில் விதை முளைக்காது. முண்டு மிளகாயில் பை மாட்டச் சோம்பல்பட்டு நீட்டு மிளகாயோடு கலக்க விட்டேன். வந்தது இரண்டுமில்லாத ஒன்று. ருசி நன்றாகத்தான் இருக்கிறது, பெயர் வைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை.

எங்கள் கூட்டத்தில் "நாட்டு" என்ற சொல் படும் பாடு தனி. ஒருவர் பிகேஎம் 1 தக்காளியை நூறு வருட விதை என்று கொண்டு வந்தார். அது பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கி வெளியிட்ட ரகம். விதை எடுக்க அருமையானது, தாய் மாதிரியே வரும். அதற்கு எதற்குப் பொய் வயசு? எஃப்1 கலப்பினத்தில் (இரண்டு ரகத்தைக் கலந்த முதல் தலைமுறை, அதன் விதை தாய் மாதிரி வராது) எடுத்த விதையை நாட்டு என்று கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கசப்புக்கு அப்புறம் நாங்கள் கவரின் மேல் எழுதுவதை மாற்றினோம். ரகம், யாரிடமிருந்து வந்தது, பறித்த மாதம் எல்லாம் முன்பே உண்டு. இப்போது கூடுதலாக இரண்டு வரி: பக்கத்தில் என்ன பூத்திருந்தது, கையால் சேர்த்ததா தானாகக் காய்த்ததா. எழுதாத கவரை வாங்குவதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்குகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம். அதைச் சுருக்கி, பத்து விதை வாங்கினால் இருபது என்று வைத்துக்கொண்டோம். பாதிப் பேர் தருவதில்லை. பரவாயில்லை, பாதிப் பேர் தருகிறார்களே.

2025 ஆடியில் நத்தம் அக்காவுக்குப் புது விதை பத்து கொடுத்தேன். வாங்கும்போது கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எப்படி?" என்றார். "நாக்குல வச்சுப் பாத்ததுக்கா" என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, பேரனிடம் ஒரு கவர் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே 23 விதை. கவரில் அவர் கையெழுத்தில்: "குடுவைச் சுரை. தை. பக்கத்தில் பூசணி மட்டும். நூல் கட்டியது. நாலு கொடி, நாலும் வாயில் வைத்துப் பார்த்தது." விதை ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், பல் லேசாகப் பதிந்தது. மாடியறையில் பீங்கான் தட்டில் பரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் மூன்று நாள் காயட்டும்.