மச்சான் சாணி வண்டு ராசி

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அண்ணன் மகள் ஒரு படம் போட்டாள். பழைய தோல் நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் சூரிய முகம், சுற்றிலும் பன்னிரண்டு பூச்சிகள். ‘ஆண்டிஸ் மலைப் பூர்வகுடிகளின் பழங்காலப் பூச்சி ராசி! உங்கள் பிறந்த தேதிக்கு எந்தப் பூச்சி?’ என்று தலைப்பு. ஆண்டிஸ் என்றால் தென் அமெரிக்காவில் இருக்கும் மலைத்தொடர். “சித்தப்பா, உங்களுக்குன்னே வந்திருக்கு” என்று கீழே எழுதிச் சிரிப்புப் பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தாள்.

நான் ஜெலுத்தோங்கில் பூச்சி மருந்து அடிக்கிற தொழில் செய்கிறவன். கரையான், கரப்பான், எலி, டிங்கி வந்தால் கொசுப் புகை, எல்லாம் பார்ப்பேன். அந்த ராசிப்படி எனக்கு வந்தது வண்ணத்துப்பூச்சி. மென்மையானவராம், எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காதவராம். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவிக்குக் கரையான்: ‘ஓசையில்லாமல் உழைப்பவர், தொலைநோக்குப் பார்வை கொண்டவர்.’ அக்காவுக்குக் குளவி. அதற்கு மட்டும் ஒருவரும் கருத்துப் போடவில்லை, பயம்தான். மச்சானுக்குச் சாணி வண்டு. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் குழுவை விட்டு விலகிவிட்டார்.

பினாங்கில் இருப்பவனுக்கு ராசிப் பஞ்சமே கிடையாது. 1968இல் பிறந்ததால் சீனர் கணக்கில் நான் குரங்கு. நம் கணக்கில் விருச்சிகம். கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போது யோனிப் பொருத்தம் என்று ஒன்று பார்ப்பார்களே, அதில் 27 நட்சத்திரங்களுக்கும் குதிரை, யானையில் தொடங்கிக் கீரி வரை 14 விலங்குகளைப் பங்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பட்டியலில் ஒரு பூச்சிகூட இல்லை என்பது இந்தப் படம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தேளும் நண்டும் உண்டு. ஆனால் தேளுக்கு எட்டுக் கால், நண்டுக்குப் பத்து. ஆறு கால் இருந்தால்தான் பூச்சி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால் படத்தைப் பெரிதாக்கி, கரையான் பிடித்த வீட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு பூச்சியாகப் பார்த்தேன். முதல் தட்டிலேயே சத்தம் வேறு மாதிரி கேட்டது. கரையானுக்குத் தொலைநோக்கு என்கிறார்கள். வேலைக்காரக் கரையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணே தெரியாது. எறும்பு ராசிக்காரர் ஒரு நிமிடமும் சும்மா இருக்க மாட்டாராம். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எறும்புப் புற்றுகளைப் படம்பிடித்துப் பார்த்தவர்கள், ஏறக்குறைய 40 விழுக்காட்டு எறும்புகள் பெரும்பாலும் சும்மாவே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதை என் வேலைக்காரப் பையன்களுக்கு நான் சொல்லவில்லை.

சரி, குணம் தவறினால் போகட்டும், ஜோசியம் அப்படித்தான். தேனீயைப் பார்த்ததும்தான் எனக்கு முழுச் சந்தேகம் வந்தது. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட, பெட்டியில் வைத்து வளர்க்கிற அதே தேனீ. அது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியே இல்லை. ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனது. அதற்கு முன் அங்கிருந்த மக்கள் தேன் எடுத்தது கொட்டாத தேனீக்களிடம். நம் ஊரில் கெலுலுட் என்று வளர்க்கிறோமே, அந்த இனத்தின் உறவுக்காரர்கள். அந்த மலைநாட்டை ஆண்ட இன்கா மன்னர்கள் காலத்துப் பெரியவர் யாரும் வரி போட்ட தேனீயைப் பார்த்து ராசி எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஆண்டிஸ் மலைப் பக்கம் பேர்போன பூச்சி ஒன்று இருக்கிறது. அது அந்த வட்டத்தில் இல்லை.

கொச்சினீல் என்று பெயர். சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும் சின்னப் பூச்சி. பெண் பூச்சியை நசுக்கினால் இரத்தச் சிவப்பு. எறும்பு மாதிரி எதிரிகள் தின்னாமல் இருக்கத் தன் உடம்பில் அது சேர்த்துவைக்கும் அமிலம்தான் அந்த நிறம். பெரு நாட்டுப் பழைய துணிகளில் இன்றும் மங்காமல் இருக்கும் சிவப்புக்கு இதுவே மூலம். இப்போதும் உலகத்தில் இதை அதிகம் விளைவிப்பது பெருதான். உதட்டுச் சாயத்திலும் சிவப்புத் தயிரிலும் இ120 என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அது இந்தப் பூச்சிதான்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர், ஸ்பானியரின் சிவப்பு வியாபாரத்தை உடைக்கலாம் என்று மதராஸில் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு வகைப் பூச்சி. சாயம் மட்டம். ஆனால் தென்னிந்தியாவில் கட்டுக்கடங்காமல் பரவியிருந்த ஒரு வகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. மருந்து அடிக்காமல் பூச்சியை விட்டே களையை ஒழித்த முதல் கதைகளில் இது ஒன்று. எங்கள் தொழிலுக்கு வரலாறு என்று எழுதினால் நான் இதில்தான் தொடங்குவேன்.

அப்புறம், அந்த மலைக்காரர்கள் வானத்தில் உண்மையில் என்னதான் பார்த்தார்கள்?

இருட்டைப் பார்த்தார்கள். பால்வெளியை அவர்கள் மாயு என்றார்கள், ஆறு. அந்த ஆற்றின் நடுவே கறுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரியும் தூசி மேகங்களில் உருவங்கள் கண்டார்கள். லாமா என்ற ஒட்டக இனத்துச் சுமை விலங்கும் அதன் குட்டியும், நரி, தேரை, பாம்பு, காடை மாதிரி ஒரு பறவை. 1970களில் கூட, பெரு நாட்டுக் குஸ்கோ நகருக்குப் பக்கத்தில் மிஸ்மினாய் என்ற கிராமத்தில் கேரி உர்ட்டன் என்ற மானிடவியலாளர் தங்கியபோது இவற்றையெல்லாம் மக்கள் அவருக்குக் கைகாட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பூச்சி அங்கேயும் இல்லை. 1608 வாக்கில் அந்த மலை மக்களின் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட வரோசிரி ஏடு ஒன்று இருக்கிறது. யாகானா என்ற அந்தக் கறுப்பு லாமா நடுராத்திரியில் யாருக்கும் தெரியாமல் இறங்கி வந்து கடல் தண்ணீரைக் குடிக்குமாம். குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடும் என்கிறது ஏடு.

லாமாவின் கண்கள் என்று அவர்கள் சொன்ன இரண்டு நட்சத்திரங்கள் நமக்கும் தெரியும். மே மாதம் நள்ளிரவு நெருங்கும்போது தெலுக் கும்பார் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரகாசமாக நிற்கும். கறுப்பு உடம்பைக் கேட்காதீர்கள், இங்கிருக்கும் வெளிச்சத்தில் பால்வெளியே தெரியாது.

நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை அவர்கள் கொல்கா என்றார்கள், தானியக் களஞ்சியம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டி விடியலுக்கு முன் உழவர்கள் மலை ஏறிக் கார்த்திகையைப் பார்ப்பார்கள். கூட்டம் பளிச்சென்று நிறைய நட்சத்திரங்களோடு தெரிந்தால் மழை சரியாக வரும். மங்கலாகத் தெரிந்தால் மழை தள்ளிப்போகும், உருளைக்கிழங்கு நடுவதையும் தள்ளிப்போடு என்று அர்த்தம். ஏதோ நம்பிக்கை என்று நாம் விட்டுவிடுவோம். ஆர்லவ், சியாங், கேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000இல் ‘நேச்சர்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பசிபிக் கடல் நீர் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் கூடுகிறது, அது கார்த்திகையை மங்கலாக்குகிறது. அதே எல் நினோதான் சில மாதம் கழித்து அங்கே மழையைக் குறைக்கிறது. ஆக, கிழவர்கள் சொன்னது பலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அங்கே யாரும் ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்று வானத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிழங்கை எப்போது நடலாம் என்றுதான் கேட்டார்கள். வாமன் போமா என்ற ஆண்டிஸ் பூர்வகுடிக்காரர் 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய மாபெரும் கடிதத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் படம் வரைந்திருக்கிறார். ஆகஸ்டு என்றால் மண்ணைப் புரட்டும் மாதம், ஆள்கள் கால்கலப்பையை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். பொறுமைசாலி, முன்கோபி என்றெல்லாம் ஒன்றுமில்லை.

சின்ன உயிர்களை வைத்துச் சகுனம் பார்த்ததும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1621இல் லீமாவில் அச்சான நூலில் அரியாகா என்ற பாதிரியார் எழுதுகிறார்: பெரிய மயிரடர்ந்த சிலந்தியைப் பிடித்து, குச்சியால் விரட்டி, எந்தக் கால் முறிகிறது என்று பார்த்துக் குறி சொல்லும் ஆள்கள் இருந்தார்கள். பாவம் சிலந்தி. ஆனால் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று தினசரி நாள்காட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நம் முறையில் பல்லிக்குக் கால் முறிவதில்லை, அவ்வளவுதான் மேன்மை.

இன்னொரு கதை கொஞ்சம் நடுக்கம் தருவது. வைனா காபாக் என்ற இன்கா மன்னர் 1520களில் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார். அதைப் பற்றிப் பச்சகூட்டி யம்கி என்ற பூர்வகுடி எழுத்தாளர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவன் மன்னரிடம் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுக்கிறான். திறந்தால் வண்ணத்துப்பூச்சிகள் மாதிரி என்னவோ படபடத்துப் பறந்து மறைகிறது. அதுதான் நோயாம். ‘எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காத’ என் ராசிப் பூச்சிக்கு அந்த ஊரில் இருந்த பெயர் இது.

ஆயர் ஈத்தாமில் ஒரு சீனப் பாட்டி எனக்கு வாடிக்கை. கரப்பானுக்கு மருந்து அடிக்கப் போனால், சுவரில் பெரிய அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தால் அந்த அறைக்குள் என்னை விட மாட்டார். வந்திருப்பது செத்துப்போன தாத்தாவாக இருக்கலாமாம். நானும் வாதாடுவதில்லை, மற்ற அறைகளை முடித்துவிட்டு வந்துவிடுவேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான், விளக்கு வைத்த நேரத்தில் வந்த பூச்சியை அடிக்க விட்டதில்லை.

மச்சானை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு நான் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். 2013இல் சுவீடனின் மேரி டாக்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் தென்னாப்பிரிக்கச் சாணி வண்டுகளை ஜொகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இரவில் உருண்டையை நேர்க்கோட்டில் உருட்டிப்போக அந்த வண்டு பால்வெளியைப் பார்த்துத் திசை பிடிக்கிறது. கண்ணை மறைக்க அட்டைத் தொப்பி மாட்டிவிட்டால் தடுமாறிச் சுற்றிச் சுற்றி வருகிறது. பால்வெளியை வைத்து வழி கண்டுபிடிக்கும் பூச்சி என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது சாணி வண்டுதான். பன்னிரண்டு பூச்சியில் பால்வெளியைப் பிடித்து வழி போவது உங்களுடையதுதான் மச்சான் என்று எழுதினேன். அன்று இரவே குழுவுக்குத் திரும்பி வந்துவிட்டார், அதை அப்படியே எல்லாருக்கும் அனுப்பியும் வைத்தார்.

வரும் ஜூன் மாதம் விடியலுக்கு முன் பெனாகா வயல் பக்கம் போய்க் கார்த்திகையைப் பார்ப்பதாகத் திட்டம். கிழக்கே மரம் மறைக்காத இடம் அது. அண்ணன் மகள் வருகிறாள், மச்சானும் வருகிறாராம், அக்கா வந்தால் பசியாற நாசி லெமாக் கட்டிக்கொண்டு வருவார். அந்த நேரத்து வயல் கொசுவுக்கு மருந்து என் பொறுப்பு.