இரண்டு குப்பி, நான்கு வரிசை

போன ஞாயிறு சித்தி மகன் வந்திருந்தான். மாவட்ட அளவில் கபடி ஆடுகிறவன். குதிகால் தசைநாண் வலியால் மூன்று மாதமாகக் களத்தில் இறங்கவில்லை. சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை மேசைமேல் வைத்தான்.

"அண்ணா, நீ லேப்ல பாக்கிற பெப்டைடுதான். ஒன்னு பிபிசி-157, இன்னொன்னு டிபி-500. ரெண்டையும் சேர்த்துப் போட்டா சீக்கிரம் ஆறிடுமாம்."

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு பொடி வில்லை. லேபிளில் பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தொகுதி எண் கிடையாது.

சேர்ப்பது என்றால் எங்கள் ஆய்வகத்தில் என்ன பொருள் என்று அவனுக்குக் காட்ட ஒரு தாளை எடுத்தேன். 24 குழித் தட்டு: நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு குழி. எல்லாவற்றிலும் செல்களைப் படர விட்டு, பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். அதுதான் காயம். முதல் வரிசைக்கு வெறும் கரைசல், இரண்டாவதற்கு ஒரு பெப்டைடு, மூன்றாவதற்கு மற்றது, நான்காவதற்கு இரண்டும். மறுநாள் அதே இடத்தைப் படமெடுத்து இடைவெளியை அளப்போம். நான்காவது வரிசை முந்தினாலும் உடனே நம்ப முடியாது. மொத்த அளவு கூடியதால் முந்தியதா, சேர்ந்ததால் முந்தியதா? அதற்கு அளவை மாற்றி மாற்றி இன்னும் பல தட்டு.

இவ்வளவும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான். டிபி-500 என்பது 7 அமினோ அமிலத் துண்டு. ஆனால் 43 அமினோ அமிலம் கொண்ட தைமோசின் பீட்டா-4 முழுவதையும் அதே பெயரில் விற்கிறார்கள். முன்னதன் மூலக்கூறு நிறை சுமார் 889 டால்டன் (மூலக்கூறை எடைபோடும் அலகு), பின்னது 4,963. மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியான நிறைமானியில் போட்டால் தெரிந்துவிடும், கண்ணால் பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பொடிதான். பாக்டீரிய நச்சு கலந்திருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஊசியில் போனால் காய்ச்சல்தான்.

"அப்போ எலிக்கு ஆறுச்சுன்னு சொல்றாங்களே?"

ஆறியது உண்மை. குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளின் குதிநாணை அறுத்து பிபிசி-157 கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன். அந்த அளவுக்கு மனிதர்களிடம் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. எனக்கே அதில் ஆசை உண்டு, யாராவது செய்ய வேண்டும். ஆனால் அது இவன் காலில் வேண்டாம்.

ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன, பிபிசி-157 என்பது 2022 முதல் பெயர் சொல்லியே. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடும் எஸ்ஸென்டன் அணி விவகாரத்தில் 34 வீரர்களுக்கு 2016-இல் தடை விழுந்தது, தைமோசின் பீட்டா-4 காரணமாக. அதைச் சொன்னதும்தான் முகம் மாறினான்.

சரி, பிசியோ என்ன சொன்னார் என்று கேட்டேன். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, பன்னிரண்டு வாரம். இவன் இரண்டு வாரத்தில் விட்டிருக்கிறான்.

குப்பிகளை என்னிடமே விட்டுவிட்டான். அப்புறம் காபி வரும்வரை எங்கள் மாடிப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். பதினைந்து முடிந்ததும், "இன்னும் ரெண்டு செட் இருக்குண்ணா" என்றான்.